ஃபால்ட் ஹேண்ட்லரில் போட்ட லாக்கால் சர்வர் தொங்குகிறது. ரிவர்ட் செய்யலாமா?

நாலுவரி_பேட்ச்:
ஆபீசில் நாங்களே எழுதிய ஃபைல்சிஸ்டம் மாட்யூல், லினக்ஸ் கெர்னல் 6.1. ஃபைலை ஒருவர் டிரங்கேட் செய்யும்போது (வெட்டிச் சுருக்கும்போது) இன்னொருவர் எம்மேப் வழியாக (ஃபைலையே மெமரி முகவரியாக்கி) படித்தால், வெட்டிப்போன பகுதியின் பழைய டேட்டா எப்போதாவது தலைகாட்டும். போன மாதம் நான்தான் பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லரில் (எம்மேப்பில் இன்னும் இணைக்காத பக்கத்தைத் தொட்டால் ஓடும் கோட்) ஐனோடு லாக் (அந்த ஃபைலுக்கான பூட்டு) எடுக்கவைத்தேன். நாலே வரி. இரண்டு நாள் ஓடவிட்டேன், பழைய டேட்டா வரவேயில்லை. டீமுக்கு டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது வாரம் ஒருமுறை ப்ராசஸ்கள் டி ஸ்டேட்டில் (எழுப்ப முடியாத தூக்கம்) உட்கார்ந்துவிடுகின்றன. 120 நொடி எச்சரிக்கை லாகில் வருகிறது. கில் -9 அடித்தாலும் சாகாது, பிஎஸ் அடித்தால் அதுவும் தொங்குகிறது. ரிவர்ட் செய்தால், அதாவது அந்த நாலு வரியைத் திரும்ப எடுத்தால், பழைய ரேஸ் (டிரங்கேட்டும் படிப்பதும் மோதுவது) திரும்பிவரும். ட்ரைலாக் (கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் திரும்பிவிடுவது) போட்டு ரீட்ரை செய்தால் சமாளிக்கலாமா?

பழைய_கெர்னல்:
வேண்டாம் தம்பி. ரைட் கால் ஐனோடு லாக்கைப் பிடித்துக்கொண்டேதான் யூசர் பஃபரைத் தொடுகிறது. அந்தப் பஃபர் அதே ஃபைலின் எம்மேப்பாக இருந்தால் ஃபால்ட் வரும், உங்கள் ஹேண்ட்லர் அதே லாக்கைக் கேட்கும். தன் இடுப்பில் இருக்கும் சாவிக்குத் தானே வாசலில் காத்திருக்கிற கதை. ட்ரைலாக் போட்டால் தூங்குவதற்குப் பதில் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். பேஜ் கேஷை (ஃபைல் டேட்டாவைக் கெர்னல் மெமரியில் வைத்திருக்கும் இடம்) காலி செய்து, ஃபைலை எம்மேப் செய்து, அந்த முகவரியிலிருந்தே அதே ஃபைலுக்கு ரைட் செய்து பாருங்கள்.

நாலுவரி_பேட்ச்:
செய்தேன் அண்ணே. ஒரே ப்ராசஸ், முதல் தடவையிலேயே தொங்கிவிட்டது. ஆனால் ரிவர்ட்டில் கான்ஃபிளிக்ட். என் லாக்கை நம்பி ஒருவர் ஹோல் பஞ்ச் கோட் (ஃபைலின் நடுவில் ஒரு பகுதியை விடுவிப்பது) எழுதிவைத்திருக்கிறார்.

லாக்டெப்_ரசிகன்:
அதையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். முதலில் வெறும் ரிவர்ட், புது ஃபிக்ஸ் தனி கமிட். எப்போதாவது வரும் பழைய டேட்டாவும் மோசம்தான், ஆனாலும் வாராவாரம் ரீபூட் செய்யும் சர்வரை வைத்துக்கொண்டு யோசிக்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது இன்வாலிடேட் லாக், பேஜ் கேஷிலிருந்து பக்கங்களை நீக்கும்போது ஃபால்ட்டைத் தடுத்துவைக்கும் பூட்டு. 5.15-லேயே (2021) வந்துவிட்டது. டிரங்கேட்டும் ஹோல் பஞ்சும் அதை எக்ஸ்க்ளூசிவாக (வேறு யாரும் பிடிக்க முடியாதபடி) எடுக்கட்டும். கெர்னலின் பொது ஃபால்ட் ஃபங்ஷனையே கூப்பிடுகிறீர்கள் என்றால், பேஜ் கேஷில் இல்லாதபோது அதுவே ஷேர்டாக (பலர் சேர்ந்து பிடிக்கும்படி) எடுத்துக்கொள்ளும். பேஜ் எம்கேரைட்டில் (எம்மேப் பக்கத்தில் எழுதப் போகும்போது கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) மட்டும் நீங்கள் எடுக்க வேண்டும். அதைப் பிடித்தபடி யூசர் பஃபரைத் தொட்டீர்களோ, மறுபடி இங்கேதான் வருவீர்கள்.

டெஸ்ட் கெர்னலில் லாக்டெப் (லாக் சிக்கல்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் கெர்னல் கருவி) ஆன் செய்யவில்லையா?

நாலுவரி_பேட்ச்:
ஸ்லோவாகிறது என்று ஆஃப் செய்தது நான்தான். ரிவர்ட் போட்டாச்சு, அந்த எம்மேப் டெஸ்டும் ரிப்போவில் ஏறிவிட்டது. ஹோல் பஞ்ச் எழுதியவரிடம் நாளைக்குப் பேச வேண்டும்.