கேம்பிள் வீட்டில் ஒரு ஆணிகூட இல்லையாமே!

தச்சுப்பட்டறை:
கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1908-ல் கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் கட்டத் தொடங்கிய கேம்பிள் வீட்டைப் பற்றி நேற்று ஒருவர் அளந்துவிட்டிருக்கிறார்: "ஒரு ஆணி, ஒரு ஸ்க்ரூ கிடையாது, முழுக்க மரப்பூட்டு." சுத்தப் பொய். அவர்கள் செய்த மரச்சாமான்களில் சதுரமாகக் கருங்காலி முளைகள் தெரிகின்றன அல்லவா, அவற்றில் பலவற்றுக்கு அடியில் இருப்பது ஸ்க்ரூதான். முளை வெறும் மூடி. வீட்டுக்கு வெளியே உத்தரங்கள் சேரும் இடத்தில் இரும்புப் பட்டை போட்டு ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். அதை மறைக்கக்கூட இல்லை.

மேகலா:
அந்தப் பதிவு என்னுடையது. பெயரைச் சொல்லித் திட்டுங்கள், பரவாயில்லை. உள்ளே இருக்கும் படிக்கட்டைப் பார்த்தீர்களா? கைப்பிடிக் கட்டைகள் படிபடியாக ஏறி, ஒன்றின் முனை இன்னொன்றுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. விளிம்பெல்லாம் உருட்டி இழைத்த வேலை. ஆணி அடிக்கிறவர்களுக்கு அது வருமா?

தச்சுப்பட்டறை:
படிக்கட்டு அழகில்லை என்று யார் சொன்னது? ஆணி இல்லை என்பதுதான் பொய். வெளிச்சுவர் முழுக்க மர ஓடு பதித்திருக்கிறார்களே, அதையெல்லாம் பசை போட்டா ஒட்டினார்கள்?

செங்கல்சூளை:
இருவரும் தவறான வீட்டுக்காக அடித்துக்கொள்கிறீர்கள். இயந்திரச் சரக்குக்கு எதிராகக் கைவேலையைத் தூக்கிப்பிடித்த கைவினை இயக்கத்து (Arts and Crafts) வீடு என்றால் லண்டனை ஒட்டிய பெக்ஸ்லிஹீத்தில் இருக்கும் ரெட் ஹவுஸ். 1859-ல் அந்த இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மோரிசுக்காகக் கட்டடக் கலைஞர் பிலிப் வெப் வரைந்தது. மேலே பூச்சு இல்லாத செங்கல், முற்றத்தில் கூம்புக் கூரை போட்ட கிணறு. பிராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக் கம்பெனிக் குடும்பத்தின் பங்களாவை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மேகலா:
மோரிஸ் அங்கே குடியிருந்ததே 5 வருடம்தான். 1865-ல் காலி செய்துவிட்டார். அவர் பணம் எங்கிருந்து வந்தது? அப்பா விட்டுப்போன தாமிரச் சுரங்கப் பங்குகள். சுரங்கப் பணம் சுத்தம், சோப்புப் பணம் அழுக்கா?

செங்கல்சூளை:
ஓவியத் திரியிலும் இப்படித்தான் பேச்சைத் திருப்பினீர்கள். மறக்கவில்லை.

தச்சுப்பட்டறை:
பணம் யாருடையதோ இருக்கட்டும். ரெட் ஹவுசிலும் ஆணி உண்டு.

பனைநிலா:
இந்த இயக்கத்தில் நம்மவர் ஒருவர் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. இங்கிலாந்தின் பிராட் கேம்டனில் பாழாய்க் கிடந்த நார்மன் தேவாலயத்தை அவருக்கு வீடாக மாற்றிக் கொடுத்தவர் இதே இயக்கத்துக் கட்டடக் கலைஞர் ஆஷ்பீ. சிங்களக் கலை பற்றிய குமாரசுவாமியின் பெரிய நூல் 1908-ல் அச்சானது மோரிசின் பழைய அச்சு இயந்திரத்தில்.

செங்கல்சூளை:
பார்த்தீர்களா, எங்கே சுற்றினாலும் மோரிசிடம்தான் வந்து நிற்கிறது.

பனைநிலா:
நான் சொன்னது குமாரசுவாமியைப் பற்றி. அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்வீர்களா?

தச்சுப்பட்டறை:
ஸ்க்ரூவுக்கு வருவோம். மேசைப் பலகை மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். பலகையின் முனையில் குறுக்குச் சட்டத்தை இறுக்கிப் பூட்டினால் பலகை வெடித்துவிடும். அதனால் கிரீன் சகோதரர்களின் மேசைகளில் துளையை நீளவாக்கில் எடுத்து, ஸ்க்ரூ நகர இடம் விட்டு, மேலே கருங்காலியால் மூடினார்கள். மரத்தின் குணம் தெரிந்தவன் செய்கிற வேலை இது. "ஸ்க்ரூவே இல்லை" என்று சொன்னால் அந்த மூளையை நீங்கள் அழிக்கிறீர்கள். வேலையை எடுத்துச் செய்த பீட்டர் ஹால், ஜான் ஹால் பெயரை இதுவரை ஒருவராவது எழுதினீர்களா? கிரீன் கிரீன் என்று வரைபடம் போட்டவர்களுக்கே மாலை.

மேகலா:
நீங்களும் இப்போதுதான் எழுதுகிறீர்கள். அப்புறம், மேசை வீடாகாது. நான் சொன்னது வீட்டை.

தச்சுப்பட்டறை:
வீட்டுக்குத்தான் மர ஓடு கேட்டேன். பதில் வரவில்லை.

மேகலா:
படிக்கட்டுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள் முதலில்.

செங்கல்சூளை:
ரெட் ஹவுசை 2003-ல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கிவிட்டது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

தச்சுப்பட்டறை:
போங்கள். போகும்போது கதவுக் கீலை எதில் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். மேகலா, மர ஓடு?