பெல்ட்டா, கவசமா, மெய்ம்மறையா: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

உவர்மலையிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோருக்கான இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். நோயின் பெயரில் சிக்கல் இல்லை, 'முள்ளந்தண்டுப் பக்கவளைவு' என்று போன மாதமே இங்கே அடிபட்டு முடித்துவிட்டோம். இடிப்பது, வளைவு கூடாமல் இருக்கப் போடுகிற அந்தப் பிளாஸ்டிக் ஓடு. எல்லோரும் 'பெல்ட்' என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்குச் செய்ததைப் பார்த்தேன். பிளாஸ்டரில் உடம்பை அச்செடுத்துச் செய்த வெள்ளை ஓடு, கக்கத்திலிருந்து இடுப்பு வரை, முதுகுப் பக்கம் மூன்று வெல்குரோ பட்டி, உள்ளே விலாவை அமுக்குகிற இடத்தில் தடித்த மெத்தைத் துண்டு. நாளுக்கு 18 மணித்தியாலம் போடச் சொல்லியிருக்கிறார்கள். தாய் என்னவென்றால் பள்ளிவிட்டு வந்ததும் கழற்றிக் கொடியில் போடுகிறார். பெல்ட்தானே, வீட்டிலும் ஏன் என்கிறார். அவரில் பிழையில்லை. வேறு சொல் தாருங்கள்.

புலவர் ஐயா:
தம்பி, சொல் ஏற்கெனவே இருக்கிறது. பதிற்றுப்பத்தில் சேரனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்பார்கள், வீரருக்குக் கவசம் போன்றவன். கவசம் வடசொல், விடுங்கள். மறு, மறி, மறை எல்லாவற்றிலும் தடுத்தல் பொருள் ஓடுகிறது, மறியலும் அதுதான். வளைவை மறிப்பதால் மறை. இதைவிட என்ன வேண்டும்?

நிலாவெளி ரீச்சர்:
ஐயா, குறை நினைக்கவேண்டாம். தரம் 8 பிள்ளையிடம் 'மெய்ம்மறை போட்டியா' என்று கேட்டால் மெய்யெழுத்துப் பாடம் என்று நினைக்கும். ஏற்கெனவே சட்டைக்குள் மறைக்கத்தான் பார்க்குதுகள், பெயரிலும் மறையா? 'தாங்கி' என்று எழுதப்போய் விட்டுவிட்டேன், இங்கே தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கி. 'கச்சு' என்று யாரும் தொடங்கமுன் சொல்கிறேன், பெண்பிள்ளைகள் முன் அதை நான் சொல்லமாட்டேன். 'நிமிர்கவசம்' எப்படி?

இயன்மருத்துவர்:
ரீச்சர், சொல் அழகு, ஆனால் பொய் சொல்கிறது. எக்ஸ்ரேயில் வளைவை அளக்கிற கொப் கோணம் 10 பாகைக்கு வந்தால்தான் பக்கவளைவு என்கிறோம். வளர்கிற பிள்ளைக்கு 25 முதல் 40 வரை இருந்தால் இதைப் போடுகிறோம், 50 ஐத் தொட்டால் பேச்சு அறுவைச் சிகிச்சைக்குப் போய்விடும், திருகாணியும் கோலும் வைத்து முள்ளென்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிற பெரிய வேலை. 30 பாகையோடு வந்த பிள்ளை வளர்ச்சி முடியும்போதும் 30 இல் நின்றால் அதுவே வெற்றி. புடைத்த பக்கத்தில் ஒரு அமுக்கம், எதிர்ப்பக்கத்தில் மேலும் கீழும் இரண்டு, வளைந்த தடியை முழங்காலில் வைத்து இரண்டு கையாலும் இழுப்போமே, அப்படி. முள்ளென்பு சரிவதோடு திருகவும் செய்கிறது, அதனால்தான் அந்த மெத்தை கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அமுங்குகிற பக்கத்தில் என்பு மெதுவாக வளரும், அதனால் வளைவு வளைவையே வளர்க்கும். அதைத் தடுக்கத்தான் இத்தனை மணித்தியாலம். 2013 இல் வந்த அமெரிக்க, கனேடிய ஆய்வில் இதைப் போட்டவர்களில் 72 சதவீதத்தினர் 50 பாகைக்குள் நின்றார்கள், போடாதவர்களில் 48 சதவீதத்தினர். கூட நேரம் போட்டவர்களுக்குக் கூடப் பலன். 'நிமிர்' என்று எழுதினால் தாய்மார் வந்து 'ஏன் இன்னும் நிமிரேல்லை' என்று என்னைத்தான் பிடிப்பார்கள்.

ரொறன்ரோவிலிருந்து:
பிறேஸ் என்றே எழுதினால் என்ன? பல்லுக்குப் போடுவதை எல்லோரும் அப்படித்தானே சொல்கிறோம்.

நிலாவெளி ரீச்சர்:
பல்லுக்குப் போட்டால் பல் நிமிரும் அண்ணை. திரும்பவும் அதே பிரச்சினை.

புலவர் ஐயா:
பிறேஸாம்! அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், நாங்கள் பிறேஸ் என்கிறோம். அப்புறம், நிமிர் தன்வினை. 'நிமிர்கவசம்' என்றால் தானே எழுந்து நிற்கிற கவசம். 'நிமிர்த்துகவசம்' என்றால் சரி, வினைத்தொகை என்பதால் நடுவில் க் வராது, ஊறுகாய் போல. மருத்துவர் வேண்டாம் என்றபின் இது வீண்தான், இலக்கணத்துக்காகச் சொன்னேன். இன்னொன்று. 'கோணம்' வடமொழி என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். சம்பந்தர் 'கோணமாமலை அமர்ந்தாரே' என்று பாடிய திருகோணமலையில் இருந்துகொண்டா? கோண், கோணல், கோடு, கூன் எல்லாம் ஒரு வேர்தான், இதைப் பற்றி விரிவாக

மூதூர் சேர்:
ஐயா, கோணமலைக்கு இன்னொரு நாள் ஏறுவோம். 'முதுகுச் சட்டை' என்று போடுங்கள். சட்டையை நாள் முழுக்கப் போடவேண்டும் என்று யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

உவர்மலையிலிருந்து:
எனக்கும் சட்டை பிடித்தது. ஆனால் வந்த வாக்குகளை எண்ணிப் பார்த்தால், 'நிமிர்' இல்லாத வெறும் 'முதுகுக் கவசம்' ஐந்து, சட்டை மூன்று, மெய்ம்மறை ஒன்று. களைத்துவிட்டேன், கவசமே போகட்டும். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'இது பெல்ட் அன்று. வீட்டிலும் நித்திரையிலும் போடவேண்டும்.'

புலவர் ஐயா:
கவசம் வெளியிலிருந்து வருகிற அம்பைத் தடுப்பது. இங்கே வெளியில் ஏது அம்பு? என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இயன்மருத்துவர்:
பதிவு செய்தாயிற்று ஐயா. கிளினிக் கார்ட்டில் நான் 'பெல்ட்' என்றுதான் எழுதுவேன், அந்தக் கட்டத்தில் அவ்வளவு இடம்தான் இருக்கிறது.