கச்சிதமான வீடுகள்: எது நிஜமாகவே இடத்தை அடைக்கிறது? உங்கள் அனுபவங்கள்

ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது, "சாமான்களை எல்லாம் சின்னதாகவே வாங்கு" என்றுதான் ஆளாளுக்குச் சொன்னார்கள். உள் அலங்காரம் செய்ய வந்த பெண்மணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அலமாரியை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இருந்த வெறும் தரையை அளந்தார். "பொருள் பிடிக்கும் இடத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அதைத் திறக்க வேண்டிய இடத்தை யார் பார்க்கிறார்கள்?" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், உண்மைதான். 90 செ.மீ. அகலமுள்ள கதவு திறந்து மூடவே ஏறக்குறைய 7 சதுர அடி தரை வேண்டும். அங்கே ஒரு பூந்தொட்டிகூட வைக்க முடியாது. அதனால் படுக்கையறைக்கு ஸ்லைடிங் கதவு போட்டோம். ஆனால் ஒன்று, கதவு நகர்ந்து நிற்கப் பக்கத்துச் சுவர் காலியாக இருக்க வேண்டும். சத்தத்தையும் அது அவ்வளவாகத் தடுக்காது. குறட்டை விடுபவர்கள் யோசித்துக்கொள்ளவும்!

சோபா மட்டும் பெரியதாகவே வந்தது. நாலு குட்டி நாற்காலிகள் போட்டால் அறை கடை மாதிரி ஆகிவிடும் என்பது அந்த அலங்காரப் பெண்மணியின் கட்சி. வாங்குவதற்கு முன் தரையில் மாஸ்கிங் டேப்பால் அதன் அளவைக் குறித்து, சில நாள் அப்படியே விட்டோம். வீட்டிலிருப்பவர்கள் கோட்டை மிதித்துக்கொண்டே போனால் அங்கே சோபா ஆகாது என்று அர்த்தம். நடக்கும் வழிக்கு 75 முதல் 90 செ.மீ. விட்டால் இடித்துக்கொள்ளாமல் போகலாம்.

*

நீங்கள் சொன்ன "திறக்கும் இடம்" கட்டிலுக்கும் பொருந்தும் நண்பரே. சுவரோடு மடியும் கட்டில் உள்ள வீட்டில் தங்கியிருக்கிறேன். படத்தில் பார்க்க அமர்க்களம். ஆனால் தினமும் இரவு டீப்பாயை நகர்த்தி, நாற்காலியைத் தூக்கி... கொஞ்ச நாளில் கட்டிலை மடிப்பதையே விட்டுவிட்டோம். இப்போது என் வீட்டில் மெத்தைப் பலகை மேலே தூக்கும் வகைக் கட்டில். பக்கவாட்டில் இழுப்பறை வைத்த கட்டில் என்றால் இழுக்க இடம் வேண்டும்; இதற்கு அது வேண்டாம். அடியில் இருப்பதை அடிக்கடி எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

*

வியன்னாவில் உள்ள 'மாக்' என்ற பயன்பாட்டுக் கலை அருங்காட்சியகத்தில் 'ஃபிராங்ஃபர்ட் சமையலறை'யின் மறு உருவாக்கத்தைப் பார்த்தேன். ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காகக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் வடிவமைத்தது, ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவே. சுவரோடு மடியும் இஸ்திரிப் பலகை, கூடத்துக்குப் போக ஸ்லைடிங் கதவு, அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியும் பழசாகத் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக இஸ்திரிப் பலகையைச் சுவரில் கீல் வைத்து மாட்டினேன்.

*

கண்ணாடி மாட்டினால் அறை பெரிதாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதிரே ஜன்னல் இருந்தால் சரி. என் தோழி வீட்டில் எதிரே இருந்தது துணி குவிந்த நாற்காலி. இப்போது இரண்டு குவியல் தெரிகிறது. எனக்குப் பலன் தந்தது திரைச்சீலைதான். கம்பியை ஜன்னலுக்கு மேலேயே நிறுத்தாமல் கூரை ஓரமாக ஏற்றி, துணியைத் தரை வரை விட்டோம். வந்தவர்கள் "சீலிங் உயரமோ?" என்று கேட்கிறார்கள். துணி தரைக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும், இல்லையென்றால் பெருக்கும்போது தொல்லை.