மறு: ஆட்டக்காரராக இருந்து அணி முதலாளி ஆனவருக்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்து வருகிறேன், இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. நட்சத்திர ஆட்டக்காரராக இருந்து, பிறகு அணியையே வாங்கி, ஆட்டக்காரர் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் சம்பளத் தகராறு வரும்போது முதலாளிகள் பக்கம் உட்கார்ந்திருப்பவர், அவருக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்பது கேள்வி. இதுவரை வீரமுதலாளி, வீரர்-உரிமையாளர், முன்னாள் வீர உரிமையாளர், ஆட்டுநர் என்று நான்கு வந்திருக்கின்றன. நான் ஐந்தாவதாக ஒன்றை வைக்கிறேன்: ஆடிய முதலாளி. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குள் போகும் முன் ஆளைப் பார்த்துவிடுவோம். இந்த இழையில் எல்லோரும் அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் பெயரைச் சொல்கிறோம், ஆனால் அவர் கதையில் எந்த இடம் நமக்கு முக்கியம் என்று யாரும் எழுதவில்லை.

1997-98 பருவத்தில் சிகாகோ புல்ஸ் அணி அவருக்குக் கொடுத்தது 3 கோடியே 31 லட்சம் டாலர். ஒரு அணி தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அந்த ஆண்டு வைத்திருந்த உச்சவரம்பே 2 கோடியே 69 லட்சம் டாலர்தான். தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு விலக்கு இருந்தது, அதனால் முடிந்தது. சம்பளச் செலவை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றுதான் 1998 ஜூலை 1 அன்று முதலாளிகள் கதவை அடைத்தார்கள், அதாவது புது ஒப்பந்தம் வரும் வரை ஆட்டக்காரர்களை வேலைக்கு விட மறுத்தார்கள். அந்த அக்டோபரில் இரண்டு தரப்பும் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், அணி நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று வாஷிங்டன் அணியின் முதலாளி ஏப் போலின் பேச, லாபம் பார்க்க முடியவில்லை என்றால் அணியை விற்றுவிடுங்கள் என்று ஜோர்டன் நேருக்கு நேர் சொன்னது பெரிய செய்தி ஆனது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1995 தகராறில், சங்கத் தலைமை முதலாளிகளிடம் விட்டுக்கொடுக்கிறது என்று சொல்லி சங்கத்தையே கலைத்துவிட்டு நீதிமன்றம் போகலாம் என்று நின்றவர்களில் இன்னொரு நட்சத்திர ஆட்டக்காரர் பேட்ரிக் யூயிங்கோடு அவரும் ஒருவர். ஆக, ஆட்டக்காரர் பக்கம் அவ்வளவு உறுதியாக நின்ற மனிதர்.

அப்புறம் 2000 ஜனவரியில் அதே வாஷிங்டன் அணியில் ஒரு பங்கை வாங்குகிறார். 2006-இல் ஷார்லட் பாப்கேட்ஸ் அணியில் சிறு பங்கு, 2010 மார்ச்சில் பெரும்பான்மைப் பங்கு. என்பிஏவில் ஆடிய ஒருவர் ஒரு அணியின் பெரும்பான்மை முதலாளி ஆனது அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டே, 2011 ஜூலை 1 அன்று, மறுபடி கதவடைப்பு. இந்த முறை சண்டை வருமானப் பங்கைப் பற்றி: கூடைப்பந்து வருமானத்தில் 57 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது, அதைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும் என்று கெடுபிடியாக நின்ற முதலாளிகள் கூட்டத்தில் முன்னால் இருப்பவர் ஜோர்டன் என்று நவம்பரில் பத்திரிகைகள் எழுதின. கதவடைப்பு 161 நாள் நீடித்தது, 82 ஆட்டப் பருவம் 66 ஆனது, ஆட்டக்காரர் பங்கு 49-க்கும் 51-க்கும் இடையில் வந்து நின்றது.

1998-இல் போலினிடம் சொன்னதையும் 2011-இல் அவர் நின்ற இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய சொல் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அவர் மாறிவிட்டார் என்று திட்டவும் கூடாது, புகழவும் கூடாது. ஷார்லட் சிறிய ஊர், பணம் இழந்துகொண்டிருந்த அணி, அவருடைய கணக்கும் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கத்துக்கு வந்தார் என்பது சொல்லில் தெரிய வேண்டும்.

இனி உங்கள் கருத்துகளுக்கு வருகிறேன்.

> உரிமையாளர் என்றுதான் எல்லாச் செய்தித்தாளும் எழுதுகிறது, ஐபிஎல் அணிகளுக்கும் அதுதான். முதலாளி என்றால் பழைய வாடை அடிக்கிறது.

ஐயா, சாதாரணச் செய்தியில் உரிமையாளர் சரிதான், மறுக்கவில்லை. யார் அணியை வாங்கினார், என்ன விலை என்று எழுதும்போது அந்தச் சொல் போதும். ஆனால் இந்த இழை தகராறைப் பற்றியது. தகராறில் எதிரெதிரே உட்காருபவர்கள் முதலாளியும் தொழிலாளியும். உரிமையாளர் என்று போட்டால் அந்த எதிர்ப்பக்கம் காணாமல் போகிறது. வீட்டு உரிமையாளர், வாகன உரிமையாளர் போல ஒரு பொருளை வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். இன்னொரு சிக்கல், எழுதிப் பார்த்தபோது கண்டது: "உரிமையாளர்கள் ஆட்டக்காரர்களின் உரிமையை ஏற்கவில்லை" என்று ஒரு வரி வந்தது, படிப்பவர் எந்த உரிமை என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. முதலாளி என்றால் முதல் போட்டவர், அவ்வளவு தெளிவு. பழைய வாடை என்கிறீர்கள், திருப்பூர் பக்கம் போனால் பனியன் கம்பெனியில் இன்றைக்கும் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

> ஓடு, ஓட்டு, ஓட்டுநர். நட, நடத்து, நடத்துநர். அதே வழியில் ஆடு, ஆட்டு, ஆட்டுநர். பிறவினையிலேயே பொருள் வந்துவிடுகிறதே?

இது அழகான யோசனை, படித்ததும் ஒரு நிமிடம் மனம் அதிலேயே நின்றது. தொல்காப்பிய உரையில் உழுதுண்போர், உழுவித்துண்போர் என்று பிரிப்பார்களே, உழைப்பவருக்கும் உழைக்க வைப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் வினையிலேயே காட்டிவிடும். ஆனால் ஆட்டுநர் என்பதில் இரண்டு குறை. ஒன்று, ஆட வைப்பவர் என்றால் முதலில் பயிற்றுநர்தான் நினைவுக்கு வருகிறார், பணம் போட்டவர் வரமாட்டார். இரண்டு, அவர் ஒரு காலத்தில் தானே ஆடியவர் என்பது அதில் எங்கேயும் இல்லை. ஆடாத கோடீஸ்வரருக்கும் அது பொருந்திவிடும். நமக்குத் தேவை பழைய பக்கமும் புதிய பக்கமும் சேர்ந்த சொல்.

வீரமுதலாளி பற்றி. வீரர் என்ற சொல் விளையாட்டில் பழகிவிட்டது, ஆனால் அதை முதலாளிக்கு முன் ஒட்டினால் வீரமான முதலாளி என்று பண்புத்தொகையாக விரிந்துவிடுகிறது. பாராட்டுப் பட்டம் போல ஒலிக்கிறது. சம்பளத் தகராறில் ஒரு தரப்புக்கு நாமே மாலை போட்டு எழுதுவது சரியில்லை. அதோடு, இந்தத் தலைப்பு வரும்போதாவது வீரர் என்பதைவிட ஆட்டக்காரர் என்று எழுதினால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆட்டம் அவருடைய தொழில் என்பது அதில் தெரிகிறது.

> கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களைத் தொழிலாளி என்பது பொருந்துமா அக்கா?

தம்பி, இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். 1964-இல் பாஸ்டனில் என்பிஏ நட்சத்திர ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில், பில் ரஸ்ஸல், ஆஸ்கர் ராபர்ட்சன், ஜெர்ரி வெஸ்ட் எல்லோரும் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வர மறுத்தார்கள், ஓய்வூதியத்துக்கு உறுதி கொடுத்தால்தான் ஆடுவோம் என்று. அந்தச் சங்கம் அப்படித்தான் வளர்ந்தது. கதவடைப்பு வந்தால் சம்பளம் நிற்கும், அணியின் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைய முடியாது, அணி ஊழியர்கள் ஆட்டக்காரர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. ஜோர்டன் போன்றவர் தாங்குவார். பத்தாவது, பன்னிரண்டாவது ஆளாக இரண்டு மூன்று பருவம் மட்டும் ஆடிவிட்டுப் போகிறவருக்கு ஒரு பருவம் போனால் தொழில் வாழ்க்கையில் பாதி போனது போல. சம்பளம் பெரிது என்பதால் இந்த உறவு மாறிவிடாது.

இதோடு சேர்த்து இன்னொரு சொல்லையும் உறுதிசெய்துகொள்வோம், ஏனென்றால் அதில்தான் நம் ஊடகங்கள் அதிகம் தவறுகின்றன. கதவடைப்பு வேறு, வேலைநிறுத்தம் வேறு. 1998-ஐயும் 2011-ஐயும் "வேலைநிறுத்தம்" என்று தமிழில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. என் அப்பா வேலை பார்த்த நூற்பாலையில் ஒரு தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சு முறிந்து, காலை ஷிப்டுக்குப் போனவர்கள் கேட்டில் பூட்டையும் ஒட்டியிருந்த நோட்டீஸையும்தான் பார்த்தார்கள். உள்ளே போகத் தயாராக சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவர்கள். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டார்கள், அப்பா ஒவ்வொருவரிடமும் நின்று, நாங்கள் நிறுத்தவில்லை, அவர்கள் பூட்டிவிட்டார்கள் என்று விளக்கிக்கொண்டிருப்பார். அந்த வேறுபாடு அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது. எனவே கதவடைப்பு என்ற சொல்லை நாம் விடக்கூடாது. இலங்கை நண்பர் ஒருவர், அங்கே கடைகளை மூடி நடத்தும் ஹர்த்தாலுக்கும் கதவடைப்பு என்று சொல்வதுண்டு, குழப்பம் வராதா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நம் குழுமத்தின் கலைச்சொல் பட்டியலில் "கதவடைப்பு (முதலாளி தரப்பு)" என்று குறிப்போடு போடலாம், கட்டுரையில் "முதலாளிகளின் கதவடைப்பு" என்று முதல் முறை எழுதிவிட்டால் பிறகு தடையில்லை.

சரி, ஆடிய முதலாளிக்கு வருகிறேன். இதை நான் விரும்புவதற்கு முதன்மைக் காரணம் மாரியோ லெமியூ.

ஐஸ் ஹாக்கியில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணி 1998-இல் திவாலானது. அந்த அணியின் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்து 1997-லேயே ஓய்வு பெற்றுவிட்ட லெமியூவுக்கு அந்த அணி தர வேண்டிய பழைய சம்பளப் பாக்கி 3 கோடி டாலருக்கு மேல். அந்தப் பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டு 1999-இல் அவரே அணியை எடுத்துக்கொண்டார். கடன் கொடுத்தவராக வந்து முதலாளி ஆனவர். அதோடு நிற்கவில்லை, 2000 டிசம்பர் 27 அன்று மறுபடி காலணி கட்டி ஆடவும் இறங்கிவிட்டார். 2004 செப்டம்பரில் தேசிய ஹாக்கி லீக் கதவை அடைத்தபோது லெமியூ ஒரே நேரத்தில் முதலாளி, ஆட்டக்காரர் இரண்டும். 2005 பிப்ரவரி 16 அன்று முழுப் பருவமும் ரத்து, 1,230 ஆட்டங்கள் போயின. மூன்று நாள் கழித்து நியூயார்க்கில் கடைசி முயற்சியாக ஒரு கூட்டம், அதில் லெமியூவும், ஃபீனிக்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த முன்னாள் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியும் கலந்துகொண்டார்கள். இரு பக்கமும் தெரிந்தவர்கள், அவர்கள் சொன்னால் இரு பக்கமும் கேட்கும் என்ற நம்பிக்கை. எதுவும் நடக்கவில்லை. ஜூலையில் ஒப்பந்தம் வந்தபோது ஒரு அணிக்கு 3.9 கோடி டாலர் என்ற உச்சவரம்பும், நடப்பு ஒப்பந்தங்களில் 24 சதவீதச் சம்பளக் குறைப்பும் சேர்ந்து வந்தன. பிட்ஸ்பர்க் போன்ற சிறிய ஊர் அணிக்கு அந்த உச்சவரம்பு உயிர் கொடுத்தது. அதே லெமியூ 2006 ஜனவரி வரை ஆட்டக்காரராகவும் இருந்தார்.

2011-இன் ஜோர்டன் ஆடிய முதலாளி. 2004-இன் லெமியூ ஆடும் முதலாளி. ஒரு பெயரெச்சத்தின் காலத்தை மாற்றினால் போதும், இரண்டு வேறு நிலைகள் துல்லியமாகப் பிரிந்துவிடுகின்றன. என்பிஏவில் ஆடிக்கொண்டே ஒருவர் தானே நேரடியாக அணியில் பங்கு வைத்திருக்க விதி இடம் தராது, 2001-இல் ஜோர்டன் வாஷிங்டனுக்கு ஆட விரும்பியபோது தன் பங்கை விட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஆக, "என்பிஏவில் ஆடிய முதலாளி உண்டு, ஆடும் முதலாளி கிடையாது" என்று ஒரே வரியில் விதியைச் சொல்லிவிடலாம். வீரர்-உரிமையாளர் என்ற சொல்லால் இது முடியாது.

பெயரெச்சத் தொடர் கலைச்சொல் ஆகுமா, ஒரே சொல்லாக இறுக்க முடியாதா என்று கேட்பீர்கள். வினைத்தொகையாக ஆடுமுதலாளி என்று போட்டுப் பார்த்தேன், மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்கும், ஊறுகாய் போல. ஆனால் ஆடு வைத்திருக்கும் முதலாளி என்று படித்துவிடுவார்கள், அதனால் விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற நீதிபதி, பதவி விலகிய அமைச்சர் என்றெல்லாம் பெயரெச்சத் தொடர்கள் பதவிப் பெயர் போலவே புழங்குகின்றன, இதுவும் புழங்கும்.

பழைய காலத்துக்கும் பொருந்துகிறதா என்று சோதித்தேன். 1890-இல் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் முதலாளிகளின் ஒப்பந்தப் பிடியைப் பொறுக்காமல் தாங்களே ஒரு லீக் தொடங்கினார்கள், அது ஒரே பருவம்தான் நின்றது. அதை எதிர்த்து முதலாளிகள் தரப்பை முன்னின்று நடத்திய ஆல்பர்ட் ஸ்பால்டிங், 1870-களில் பெரிய பந்து வீச்சாளர். அந்த ஆட்டக்காரர் லீக்கிலேயே சிகாகோவுக்கு ஆடிய சார்லஸ் காமிஸ்கி, பின்னால் சிகாகோ ஒயிட் சாக்ஸின் முதலாளியாகி, சம்பளத்தில் கையிறுக்கம் என்று பெயர் எடுத்தார். இரண்டு பேருக்கும் ஆடிய முதலாளி என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. ஆக இது ஜோர்டனோடு தொடங்கியது போல நம் பதிவில் எழுதக்கூடாது, என்பிஏவில் ஆடிப் பெரும்பான்மை முதலாளி ஆனவர்களில் மட்டும்தான் அவர் முதல்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்: ஆடிய முதலாளி, ஆடும் முதலாளி, பன்மையில் முதலாளிகள், பெண்ணுக்கும் ஆணுக்கும் அதே சொல். உடன் வரும் சொற்களாக ஊதிய உச்சவரம்பு (நில உச்சவரம்பு எல்லோருக்கும் தெரிந்த சொல், விளக்கம் தேவையில்லை), கூட்டு ஒப்பந்தம் (ஆட்டக்காரர் சங்கமும் முதலாளிகளும் செய்துகொள்வது), வருமானப் பங்கு, கதவடைப்பு. விலக்குகளோடு வளைந்துகொடுக்கும் உச்சவரம்புக்கும் தாண்டவே முடியாத உச்சவரம்புக்கும் நெகிழ் வரம்பு, கெட்டி வரம்பு என்று வைத்திருக்கிறேன், கெட்டி என்பது எழுத்து நடைக்குப் பொருந்துமா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும்.

ஃபிராஞ்சைஸ் என்ற சொல்லை இந்த இழையில் இழுக்க வேண்டாம், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.