ராஜி அத்தையின் எலியும் 299 ரூபாயும்

குழு: மன்னை குடும்பம்

ஞாயிறு, காலை 7:10

ராஜி அத்தை: எல்லாருக்கும் வணக்கம். எலிப்பெட்டியில் தேங்காய்ச் சில்லைச் சுட்டு வைத்தேன், மசால்வடை வைத்தேன், கருவாடும் வைத்தாயிற்று. அந்த எலி பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய் அரிசி மூட்டையைத்தான் கடிக்கிறது. யாருக்காவது வழி தெரியுமா?

சேகர் சித்தப்பா: பெட்டி புதுசா அக்கா?

ராஜி அத்தை: போன வாரம்தான் வாங்கினேன். பளபளவென்று இருக்கிறது.

சேகர் சித்தப்பா: அதுதான் காரணம். சுண்டெலியாக இருந்தால் புதுப் பொருளைப் போய் மோந்து பார்க்கும். பெரிய எலி அப்படி இல்லை. வழக்கமான வழியில் புதிதாக ஒன்று வந்துவிட்டால் சில நாள் கிட்டவே வராது. அடுக்களையில் எங்கே வைத்தீர்கள்?

ராஜி அத்தை: நடுவில். கண்ணில் படட்டும் என்று.

சேகர் சித்தப்பா: எலிக்கு நடுவில் என்ன வேலை? சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். சுவரை ஒட்டி வையுங்கள். கதவு விழாதபடி கம்பியால் கட்டிவிட்டு உள்ளே தினம் தீனி போடுங்கள். தின்றுவிட்டுப் போகட்டும். பயம் தெளிந்து தாராளமாக உள்ளே போய்வர ஆரம்பித்ததும் கம்பியை அவிழ்த்துவிடுங்கள், போதும்.

ராஜி அத்தை: எலிக்கு விருந்து வைக்கச் சொல்கிறாயா?

சேகர் சித்தப்பா: விருந்து வைக்காமல் பிடிக்க முடியாது. நம் ஊரில் வயல் எலி பிடிக்க மூங்கில் கிட்டி வைக்கிறவர்களைப் பார்த்ததில்லையா? எடுத்த எடுப்பில் வைத்துவிட மாட்டார்கள். வரப்பைச் சுற்றி வந்து, எலி எந்தப் பக்கம் போகிறது, எங்கே கதிரை வெட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் மூங்கிலை வளைப்பார்கள்.

அம்மா: பசை அட்டை என்று ஒன்று விற்கிறார்களே ராஜி, அதை வாங்கேன்.

தீபா: வேண்டாம்மா. ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இந்திய விலங்குகள் நல வாரியமே அதைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

சேகர் சித்தப்பா: விஷமும் வேண்டாம் அண்ணி. பேரப் பிள்ளைகள் வந்து போகிற வீடு. அப்புறம் பரணில் எங்கேயாவது செத்துக் கிடந்து வீடே நாறும். அக்கா, எலி விழுந்த பெட்டியை வெறும் கையால் தூக்காதீர்கள். அதன் மூத்திரம் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காலை 11:25

கார்த்தி (லண்டன்): இப்போதுதான் எழுந்தேன். அத்தைக்கு எலி மாட்டவில்லை, நான் மாட்டினேன். நேற்று ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் எலிப்பொறிக்குள்தான் இருந்தேன்.

ராஜி அத்தை: என்னடா உளறுகிறாய்?

கார்த்தி (லண்டன்): நாடகம் அத்தை. அகதா கிறிஸ்டி எழுதியது, பெயரே ‘எலிப்பொறி’. 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கி இன்னமும் நடக்கிறது. 1974-ல் பக்கத்து அரங்கத்துக்கு மாறியபோதுகூட ஒரு காட்சி தவறவில்லையாம். கொரோனா வந்துதான் 2020 மார்ச்சில் நிறுத்தியது. மறு வருஷம் மே மாதம் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். கதை, பனியில் வழி அடைபட்ட ஒரு விடுதி. உள்ளே இருப்பவர்களில் ஒருவர் கொலைகாரர். வெளியே யாரும் போக முடியாது.

சேகர் சித்தப்பா: யார் கொலைகாரன்?

கார்த்தி (லண்டன்): சொல்லக் கூடாது சித்தப்பா. முடிந்ததும் மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறார்கள், ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று.

பெரியப்பா: அந்தத் தலைப்பு ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்திலிருந்து வந்தது. இளவரசன் ஹாம்லெட்டின் அப்பாவைக் கொன்றுவிட்டு அரியணையில் உட்கார்ந்திருப்பவன் அவனுடைய சித்தப்பன். ஆதாரம் கிடையாது. எனவே ஹாம்லெட் நாடகக்காரர்களை வைத்து அதே மாதிரி ஒரு கொலையை அரசன் முன்னால் நடிக்க வைக்கிறான். நாடகத்தின் பெயர் என்ன என்று அரசன் கேட்கும்போது ‘எலிப்பொறி’ என்கிறான். கொலைக் காட்சி வந்ததும் அரசன் தாங்க முடியாமல் எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான்.

சேகர் சித்தப்பா: எந்த நாட்டுக் கதையிலும் சித்தப்பன்தான் வில்லனா அண்ணே?

பெரியப்பா: நான் என்ன செய்வேன், எழுதியவரைக் கேள். கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பொறியில் வடை கிடையாது. அவன் மனசாட்சியே இரை. நம் பேச்சில் எலிப்பொறி என்றால் உடனே ஆசை, பேராசை என்று போய்விடுகிறோம்.

கார்த்தி (லண்டன்): எங்கள் வகுப்பில் இன்னொன்று சொல்வார்கள் அப்பா. ‘நல்ல எலிப்பொறி ஒன்றைச் செய், உலகம் உன் வாசலுக்கு வழி போட்டுக்கொண்டு வரும்.’ தொழில் தொடங்குகிறவன் எல்லாம் மேற்கோள் காட்டுவான், அமெரிக்க எழுத்தாளர் எமர்சன் சொன்னது என்று. அவர் 1855-ல் தன் குறிப்பேட்டில் எழுதியதில் தானியம், பலகை, பன்றி, நாற்காலி, கத்தி எல்லாம் வருகிறது. எலிப்பொறி இல்லை. அவர் இறந்தது 1882-ல். எலிப்பொறி நுழைந்த வாசகம் அதற்குப் பிறகுதான் அச்சில் வருகிறது.

பெரியப்பா: நம் ஊரில் வள்ளுவர் பெயரிலும் அப்துல் கலாம் பெயரிலும் தினம் காலையில் வருகிறதே, அதே கதைதான். இந்தக் குழுவிலேயே வருகிறது. யார் அனுப்புகிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

அம்மா: எனக்குத் தெரியும், என்னைத்தான் சொல்கிறீர்கள்.

கார்த்தி (லண்டன்): அந்த வாசகத்தை நம்பி ஆட்கள் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். சுருள்வில் வைத்த பலகைப் பொறிக்கு அமெரிக்காவில் ஹூக்கர் என்பவர் 1894-ல் காப்புரிமை வாங்கினார். மொத்தம் 4,000-க்கும் மேற்பட்ட எலிப்பொறிக் காப்புரிமைகள் அங்கே கொடுத்திருக்கிறார்கள். காசு பார்த்தவை மிகக் கொஞ்சம். கடையில் இன்றைக்கும் கிடைப்பது கிட்டத்தட்ட அந்தப் பழைய பலகைதான்.

மதியம் 1:40

ராஜி அத்தை: பேச்சை மாற்றுகிறேன், மன்னிக்கவும். வங்கியிலிருந்து 299 ரூபாய் எடுத்ததாகச் செய்தி வந்திருக்கிறது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. போன மாதமும் இதே 299. யாராவது கணக்குக்குள் புகுந்துவிட்டார்களா?

தீபா: பயப்படாதீர்கள் அத்தை. செய்தியின் படத்தை அனுப்புங்கள். கணக்கு எண்ணை மறைத்துவிட்டு.

ராஜி அத்தை: (படம்)

தீபா: ‘ஆட்டோபே’ என்று போட்டிருக்கிறது, தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி. திருட்டு இல்லை. ஏதாவது செயலியில் ‘ஏழு நாள் இலவசம்’ என்று வந்து அனுமதி கொடுத்தீர்களா?

ராஜி அத்தை: ராசிபலன் ஒன்று இருந்தது. இலவசம், ஒரு ரூபாய் மட்டும் சரிபார்க்க என்றது. அதைத்தான் நான் அன்றைக்கே பிடிக்காமல் அழித்துவிட்டேனே!

தீபா: செயலியை அழித்தால் ஆட்டோபே அழியாது அத்தை. அது வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

சேகர் சித்தப்பா: காலையில் எலிக்கு வைத்த மசால்வடையை மதியம் அக்காவுக்கு வைத்துவிட்டார்கள்! இலவசம் என்றால் நாம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ராஜி அத்தை: நான் என்ன எலியா சேகர்?

தீபா: சித்தப்பா, உங்களை நான் விடப்போவதில்லை. காலையில் நீங்கள் அத்தைக்குச் சொன்னதை மேலே போய் ஒருமுறை படியுங்கள். கதவைக் கட்டி வையுங்கள், தினம் தீனி போடுங்கள், பயம் தெளிந்ததும் கம்பியை அவிழ்த்துவிடுங்கள். அந்த ஏழு நாள் இலவசம் அச்சு அசலாக அதுதானே? நீங்கள் சொன்னபடி பார்த்தால் எலி பேராசை பிடித்தது இல்லை, சந்தேகப்படுகிற பிராணி. சந்தேகப்படுகிறவரைப் பிடிக்கத்தான் இவ்வளவு பொறுமையாக ஏற்பாடு செய்கிறார்கள். அத்தையும் யோசித்துத்தான் ஒரு ரூபாய் கொடுத்தார்.

சேகர் சித்தப்பா: அப்படிப் பார்த்தால் கடைக்காரர் ஒரு துண்டு அல்வாவைச் சுவைக்கக் கொடுப்பதும் பொறியா?

தீபா: இல்லை. தின்றுவிட்டு வேண்டாம் என்று நடையைக் கட்டலாம், அவர் கடைக் கதவை மறைக்க மாட்டார். இங்கே உள்ளே வர ஒரு தட்டு, வெளியே போக எங்கே தட்டுவது என்றே தெரியாது. இணையம் வந்த புதிதிலேயே இதற்கு எலிப்பொறி என்றுதான் பெயர் வைத்தார்கள். ஒரு பக்கத்துக்குள் போனால் பின்னே செல்லும் பொத்தான் வேலை செய்யாது. மூடினால் இன்னும் நாலு சன்னல் திறக்கும். 2001-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு ஆள் மேல் வழக்கே போட்டது. பிரபலமான தளங்களின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் பதிவு செய்துவைத்து, தப்பாகத் தட்டச்சு செய்து வருகிறவர்களை விளம்பரத்துக்குள் அடைத்து வைத்தார். அங்கே வடையே கிடையாது. தவறான எழுத்தைத் தட்டியது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம்.

பெரியப்பா: ஹாம்லெட் வழி.

தீபா: ஆமாம் பெரியப்பா. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறி வெளியிட்டது. இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்பு 13 வகை என்று பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஒன்று சந்தாப் பொறி. சேருவது சுலபமாகவும், ரத்து செய்வது சிக்கலாகவும், ரத்து செய்யும் இடத்தை ஒளித்தும் வைத்தால் அது அந்த வகை. கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்ப்பது, ‘இன்னும் இரண்டே இருக்கின்றன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கடைசித் திரையில் விலையை ஏற்றுவது, இதெல்லாம் மற்ற வகைகள். வாங்குகிறவர் ஏன் ஆசைப்பட்டார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கதவை யார் எப்படிச் செய்தார்கள் என்றுதான் கேட்கிறது.

பெரியப்பா: வள்ளுவர் இரண்டு பக்கமும் பார்த்தவர். சூதில் ஜெயிப்பது தூண்டில் இரும்பை மீன் விழுங்கிய மாதிரி என்கிறார், 931-ஆம் குறள். தோற்றால் என்று சொல்லவில்லை பார், ஜெயித்தால் என்கிறார். முதல் ஆட்டத்தில் நம்மை ஜெயிக்க விடுவதுதான் தூண்டில். அலைபேசியில் காசு வைத்து ரம்மி ஆடியவர்களிடம் கேட்டால் தெரியும்.

சேகர் சித்தப்பா: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ராசிபலனுக்கு 299 அதிகம் அக்கா. நம் ஊர் ஜோசியர் வெற்றிலை பாக்கோடு முடித்துவிடுவார்.

ராஜி அத்தை: அது இருக்கட்டும். இப்போது நான் என்ன செய்ய?

தீபா: நீங்கள் பணம் அனுப்பும் யுபிஐ செயலியைத் திறங்கள். மேலே உங்கள் படத்தைத் தட்டினால் ‘ஆட்டோபே’ என்று ஒரு பகுதி வரும். உள்ளே போனால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பெயரைத் தட்டி ரத்து என்பதைக் கொடுங்கள். ரகசிய பின் (PIN) எண் கேட்கலாம். ரத்து செய்யும் திரைதானா என்று வாசித்துவிட்டுப் போடுங்கள். யாராவது கூப்பிட்டு உதவுகிறேன் என்று பின் எண் கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தீபா: இன்னொன்று. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே முன்னறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நேற்று வந்திருக்கிறதா பாருங்கள்.

ராஜி அத்தை: வந்திருக்கிறது. நகைக் கடைக்கும் கடன் தருகிறவனுக்கும் நடுவில், ஆங்கிலத்தில். யார் இதையெல்லாம் படிப்பார்கள்?

அம்மா: எனக்கும் அப்படித்தான் வருகிறது. நான் திறப்பதே இல்லை.

ராஜி அத்தை: பட்டியலைப் பார்த்துவிட்டேன் தீபா. ராசிபலன் பெயரில் இல்லை, என்னவோ ஒரு கம்பெனி பெயர் இருக்கிறது.

தீபா: தொகை 299 தானே? அதுதான். பெயரை வேறு மாதிரிதான் போட்டிருப்பார்கள்.

ராஜி அத்தை: ரத்து கொடுத்தேன். ‘நிச்சயமாகவா’ என்று கேட்டது. கொடுத்துவிட்டேன். (படம்)

தீபா: முடிந்தது அத்தை. பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவோம், நான் வரைந்து தருகிறேன். பதில் வரவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். இரண்டு செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ராஜி அத்தை: அழிக்க மாட்டேன். அந்தக் கம்பெனியிடம் தமிழில் நாலு வார்த்தை கேட்க வேண்டும் எனக்கு.

சேகர் சித்தப்பா: தீபா, சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் இருப்பாயா? என் பட்டியலையும் பார்க்க வேண்டும். கிரிக்கெட் பார்க்க என்று பையன் என்னவோ போட்டுவைத்தான்.

தீபா: ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள் சித்தப்பா.

இரவு 9:50

பெரியப்பா: கார்த்தி, அந்த விடுதியில் கொலை செய்தது யார் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

கார்த்தி (லண்டன்): அப்பா, இது குடும்பக் குழு.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சேகர் சித்தப்பா: நாங்கள் படித்துவிட்டோம் அண்ணே. கார்த்தி, எனக்கும் சேர்த்து அனுப்பு.