படகுப் பக்கத்துக்கு ஒடுங்கின சாய்வெழுத்து: எங்க பிழை?

நிலாவெளி_ஸ்டிக்கர்:
புறாத்தீவுக்கு ஓடுற ஃபைபர் படகு. படகின் பக்கத்தில ஸ்டிக்கர் ஒட்டக் கிடைக்கிற இடம் நீளம் 6 அடி, உயரம் 12 அங்குலம். மேல தமிழ், கீழ ஆங்கிலத்தில 'பிஜன் ஐலண்ட் ஸ்னோர்க்கலிங்', முழுக்கக் கப்பிட்டல். ஏரியல் போல்ட் எண்ட தடிச்ச எழுத்துருவை கோரல் ட்ரோ வடிவமைப்பு மென்பொருளில 70 வீத அகலத்துக்கு ஒடுக்கி, தமிழையும் ஆங்கிலத்தையும் 15 பாகை சரிச்சிருக்கு. இடத்துக்குள்ள வருது, ஆனா நசுங்கின மாதிரித் தெரியுது. என்ன செய்யலாம்?

எழுத்துவெட்டு:
ஒடுக்கினதுதான் முதல் பிழை. அகலத்தைக் குறைச்சால் நிலைக்கோடு மட்டும் 70 வீதமாக மெலியும், கிடைக்கோடு அப்படியே நிற்கும். ஆங்கில 'ஈ', 'எல்' இரண்டையும் பெருப்பிச்சுப் பாருங்கோ: படுத்த கோடு நின்ற கோட்டை விடத் தடிப்பு. அதுக்கு மேல சரிச்சால் 'ஓ' எழுத்தின் வலது மேல்பக்கமும் இடது கீழ்ப்பக்கமும் தடிச்சு, மற்ற இரண்டு பக்கமும் மெலியும். ஒடுக்கமாகவே வரைஞ்ச சாய்வில இதெல்லாம் கையால திருத்தியிருக்கும். 1957இல் வந்த யூனிவர்ஸ் எழுத்துருக் குடும்பத்தில இதுக்குத் தனி எண்ணே உண்டு: 67 ஒடுங்கின போல்ட், 68 அதின் சாய்வு.

இலவச எழுத்துரு வேணுமெண்டால், ஒடுக்கமாகவும் சாய்வாகவும் (இட்டாலிக்) வரைஞ்ச பார்லோ கண்டென்ஸ்ட் செமிபோல்ட் இட்டாலிக், இல்லாட்டி ரோபோட்டோ கண்டென்ஸ்ட் போல்ட் இட்டாலிக். ஒஸ்வால்டில இட்டாலிக் இல்லை. இட்டாலிக் பட்டனை அழுத்தினால் மென்பொருள் தானாகச் சரிக்கும், அதே பிழைதான். 6 அடிக்குள்ள எழுத்தும் இடைவெளியுமாக இந்த 25 இடத்துக்கு சாதாரண போல்ட் 3 அங்குல உயரம்தான் தரும். ஒடுங்கினது 4 தாண்டும். 1 அங்குலத்துக்கு 10 அடி எண்ட கணக்கில 40 அடியில வாசிக்கலாம். எழுத்திடைவெளியை 3–5 வீதம் கூட்டுங்கோ, ஒடுங்கின கப்பிட்டல் தூரத்தில ஒட்டிப்போகும்.

உவர்மலை_வடிவம்:
தமிழைச் சரிக்காதேங்கோ. 15 பாகையில 4 அங்குல உயரத்துக்கு உச்சி 1 அங்குலத்துக்கு மேல வலப்பக்கம் நகரும். 'க்' புள்ளி அடுத்த எழுத்தின் தலைக்குப் போயிடும், 'தி' எழுத்தின் மேல இருக்கிற விசிறியின் வளைவு பக்கத்து எழுத்தில முட்டும். முக்தா மலர் போல்ட் எண்ட தமிழ் எழுத்துருவில நேராக விடுங்கோ. நேர் தமிழும் சாய்ஞ்ச ஆங்கிலமும் தடிப்பு ஒத்தால் நல்லாப் பொருந்தும்.

நிலாவெளி_ஸ்டிக்கர்:
நன்றி அண்ணா. ஆங்கிலத்தை இரண்டு பக்கமும் ஒரே கோப்பில வெட்டலாமோ?

எழுத்துவெட்டு:
வெட்டலாம், ஆனா ஒட்டுற இடம் கவனம். படகின் வலப்பக்கத்தில அணியம் (முன்பக்கம்) வாசிக்கிறவரின் வலக்கையில இருக்கும், எழுத்து படகு ஓடுற திசைக்கே சாயும். இடப்பக்கத்தில பின்னுக்குச் சாயும். அதோட படகின் மேல்விளிம்பு அணியத்துக்கு ஏறுது. விளிம்போட 5 பாகை ஏற்றி ஒட்டினால் இட்டாலிக்கின் 12 பாகைச் சாய்வு வலப்பக்கம் 7 ஆகத் தெரியும், இடப்பக்கம் 17 ஆகி விழுறமாதிரி இருக்கும். விளிம்பு மட்டமாக இருக்கிற நடுப்பகுதியில ஒட்டுங்கோ. இடப்பக்கத்துக்காக எழுத்தை எதிர்ப்பக்கம் சரிக்கவே கூடாது, வாசிப்பு கெடும்.

வெட்ட முதல் எழுத்தைக் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி, முட்டுற எழுத்துகளை வெல்ட் பண்ணி ஒரே வடிவமாக்குங்கோ. இல்லாட்டிப் பிளேட் முட்டுற இடத்தில குறுக்கே வெட்டும், அந்த மூலைதான் முதல்ல கிளம்பும்.