ஒரே அரசர், பல நாடுகள்: ‘உடன்முடி நாடு’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம். ஒரே அரசரைத் தலைவராகக் கொண்ட தனித்தனி நாடுகளுக்கு (ஆங்கிலத்தில் Commonwealth realm) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இரண்டு நாளாக ஓடும் இழையில் வந்த பரிந்துரைகளுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> ‘பொதுநலவாய முடியாட்சி நாடு’ என்றே வைத்துவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

எளிமையான சொல்தான் ஐயா, ஆனால் பொருள் அகன்றுவிடுகிறது. பொதுநலவாயத்தில் (காமன்வெல்த்) 56 நாடுகள். மூன்றாம் சார்லஸை அரசராகக் கொண்டவை 15 மட்டுமே: பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, பப்புவா நியூகினி, துவாலு முதலியவை. மலேசியா, புருணை, டோங்கா, லெசோத்தோ, எசுவாத்தினி ஐந்தும் பொதுநலவாயத்து முடியாட்சிகளே. ஆனால் அவற்றுக்குச் சொந்த அரசர்கள் இருக்கிறார்கள். உங்கள் சொல்லுக்குள் மலேசியாவும் வந்து உட்கார்ந்துவிடும்.

> ‘ஒருமுடி நாடுகள்’ சுருக்கமாக, அழகாக இருக்கிறது.

அழகுதான். ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியையே அது மாற்றிச் சொல்கிறது. இங்கே ஆள்தான் ஒருவர், முடி பல. கனடா போன்ற நாடுகள் தமக்கான சட்டங்களைத் தாமே இயற்றலாம் என்று ஏற்ற 1931இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்துக்குப் பிறகு கனடாவின் முடி வேறு, பிரிட்டனின் முடி வேறு என்றே சட்டம் வளர்ந்து வந்திருக்கிறது. சார்லஸ் கனடாவின் அரசராக நடந்துகொள்ள வேண்டியது கனடா அமைச்சரவையின் அறிவுரைப்படி. லண்டனில் இருக்கும் பிரதமருக்கு அதில் வாய் திறக்க இடமில்லை.

1936ஐப் பாருங்கள். எட்டாம் எட்வர்ட் முடிதுறந்தது பிரிட்டனில் டிசம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா தன் சட்டத்தில் அதை டிசம்பர் 10 என்று வைத்தது. அயர்லாந்து தன் சட்டத்தை நிறைவேற்றியதோ டிசம்பர் 12இல். ஆக, 11ஆம் தேதி லண்டனில் ஆறாம் ஜார்ஜ் அரசர், டப்ளினில் இன்னும் எட்வர்டே அரசர். ஒரே முடியாக இருந்தால் இப்படி நடந்திருக்குமா? இன்னும் வலுவான சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1947இல் காஷ்மீரில் போர் மூண்டபோது இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே டொமினியன்கள் (பிரிட்டிஷ் அரசரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடுகள்), இரண்டுக்கும் அரசர் அதே ஆறாம் ஜார்ஜ். இரு தரப்புப் படைகளும் ஒரே மனிதரின் பெயரால் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன.

‘பகிர்வு அரசு’ என்ற பரிந்துரை வேண்டாம். அரசு என்றதும் அரசாங்கம்தான் நினைவுக்கு வரும். இந்த நாடுகள் அரசாங்கத்தைப் பகிர்ந்துகொள்ளவே இல்லை.

சரி, என் பரிந்துரை இரண்டு சொற்கள். அந்த ஆளுக்குப் ‘பன்முடி அரசர்’, நாட்டுக்கு ‘உடன்முடி நாடு’.

பன்முடிக்குத் தமிழில் வேர் உண்டு. ‘மும்முடிச் சோழன்’ என்பது முதலாம் இராசராசனின் பட்டப்பெயர். ஓர் ஆள், மூன்று முடி என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. அது வெற்றியால் வந்த பெயராயிற்றே என்று யாராவது கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் ஒட்டு ‘பன்’ என்று ஆகும்போது அந்த வெற்றி வாடை போய்விடுகிறது, எண்ணிக்கை மட்டும் நிற்கிறது. பழைய வரலாற்றுக்கும் இது பொருந்தும்: 1714 முதல் 1837 வரை பிரிட்டனையும் ஜெர்மனியின் ஹானோவரையும் ஆண்டவர்கள் பன்முடி அரசர்களே. விக்டோரியா வந்ததும் ஹானோவரின் வாரிசுச் சட்டம் பெண்ணை ஏற்காததால் அந்த முடி அவருடைய சித்தப்பாவுக்குப் போனது.

‘உடன்’ எதற்கு என்றால், உடன்பிறந்தாரில் இருக்கும் உடன் இதுவே. பெற்றோர் பொது, ஆள் தனித்தனி. எந்த நாடும் இன்னொன்றுக்குக் கீழ் இல்லை, பிரிட்டன் உட்பட. அரியணை வாரிசு விதியில் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை வேண்டாம் என்று 2011இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இந்த நாடுகள் பேசி முடிவெடுத்தும், அது நடைமுறைக்கு வர 2015 மார்ச் ஆனது. ஒவ்வொரு நாடும் தன் முறைப்படி ஒத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார்கள்.

அப்புறம், அரசர் ஊரில் இல்லாதபோது அவர் இடத்தில் இருப்பவர். தமிழ்நாட்டில் ‘கவர்னர் ஜெனரல்’, ‘தலைமை ஆளுநர்’ என்று எழுதுகிறோம். இலங்கையில் ‘மகாதேசாதிபதி’ என்றே வழங்கினார்கள். இலங்கையும் 1972 வரை உடன்முடி நாடுதானே. இரண்டாம் எலிசபெத் அங்கே இலங்கையின் அரசி. கடைசி மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவ அப்படியே முதல் ஜனாதிபதி ஆனார். எனக்கு மகாதேசாதிபதியின் கம்பீரம் பிடிக்கும், என்றாலும் பாடநூலுக்குத் ‘தலைமை ஆளுநர்’ என்பதே ஏற்றது என்று நினைக்கிறேன். இந்தப் பதவியைச் சின்னதாக நினைத்துவிடவும் கூடாது. 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் விட்லமைப் பதவி நீக்கியவர் தலைமை ஆளுநர் ஜான் கெர். சபாநாயகர் ராணிக்கு முறையிட்டார். அரசமைப்பு அந்த அதிகாரத்தைத் தலைமை ஆளுநரிடம் வைத்திருக்கிறது, ராணி தலையிடுவது முறையல்ல என்று அரண்மனையிலிருந்து பதில் வந்தது.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “பார்படோஸ் 2021 நவம்பர் 30 அன்று உடன்முடி நாடு என்ற நிலையிலிருந்து குடியரசானது; பொதுநலவாயத்தில் தொடர்கிறது.” எனக்குத் தடங்கல் தெரியவில்லை. ‘உடனே முடி’ என்று வினையாகப் படிக்க வாய்ப்பிருக்கிறதா என்பது மட்டும் உறுத்துகிறது. பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். அங்கே இடறினால் ‘உடனரச நாடு’ என்பதை அடுத்து எடுத்துப் பேசலாம்.